கணையப் புற்றுநோயும் செல் வளர்ச்சி மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி அறிக்கையோடு மரபணு அறிக்கை ஒன்றும் சேர்ந்து வருவது இப்போது வழக்கமாகி வருகிறது. அதிலிருக்கும் கேராஸ், பி53, எஸ்மேட்4 போன்ற பெயர்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் என்ன, இவற்றால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று திகைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கணையப் புற்றுநோய் என்று இங்கே குறிப்பிடுவது கணைய நாளத்தில் காணப்படும் அடினோகார்சினோமாவை. கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது அந்த வகைதான்.

செல் வளர்ச்சி மரபணு என்றால் புற்றுநோய் மரபணுவா?

இல்லை. அது எல்லோர் உடலிலும், எல்லா செல்லிலும் இருக்கும் சாதாரண மரபணு. காயம் ஆற, குடலின் உட்சுவர் புதுப்பிக்கப்பட, கருவில் குழந்தை வளர என்று எல்லாவற்றுக்கும் செல்கள் பிரிந்தாக வேண்டும். எப்போது பிரிவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் புரதங்களை உருவாக்கும் குறிப்புகள் இந்த மரபணுக்களில் இருக்கின்றன. சில மரபணுக்கள் பிரியச் சொல்கின்றன, சில வேண்டாம் என்று தடுக்கின்றன. முதல் வகை ஓயாமல் வேலை செய்யத் தொடங்கினாலும் ஆபத்து, இரண்டாம் வகை வேலையை விட்டாலும் ஆபத்து.

கேராஸ் என்ற பெயரே எங்கும் வருகிறதே, அது என்ன செய்கிறது?

கணையப் புற்றுநோயில் இதைப் பற்றிப் பேசாமல் ஒன்றும் பேச முடியாது. 90 சதவீதத்துக்கும் அதிகமான கட்டிகளில் கேராஸ் மாறியிருக்கிறது. நுரையீரல், பெருங்குடல் புற்றுகளிலும் இது உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இது புதிய தகவலும் இல்லை. 1988இலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அதைத் தொடக்கூட மருந்து இல்லாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து போனதுதான் வேதனை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேராஸ் புரதம் செல் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். வெளியிலிருந்து 'வளர்' என்ற செய்தி வந்ததும் ஜிடிபி என்ற மூலக்கூறை விட்டுவிட்டு ஜிடிபி-யின் உறவான, ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள இன்னொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். (ஆங்கிலத்தில் முன்னது GDP, பின்னது GTP. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பெயரை விட்டுவிடுவோம்.) மூன்று பாஸ்பேட் உள்ளதைப் பிடித்திருக்கும்வரை சுவிட்ச் 'ஆன்'. பிறகு அதிலிருந்து ஒரு பாஸ்பேட்டை வெட்டினால் 'ஆஃப்'. கேராஸ் இதைத் தனியாகச் செய்தால் மிக மெதுவாக நடக்கும். அதனால் உதவிப் புரதம் ஒன்று வந்து, தன் விரல் போன்ற ஒரு பகுதியை உள்ளே நுழைத்து வெட்டுதலை வேகப்படுத்துகிறது.

அந்த விரல் நுழையும் இடத்தில்தான் சிக்கல். கேராஸின் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே பருமனான வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. விரல் நுழைய இடமில்லை, சுவிட்ச் அணைவதில்லை. வந்து உட்கார்ந்தது அஸ்பார்டிக் அமிலம் என்றால் அறிக்கையில் ஜி12டி என்று எழுதுவார்கள், வேலின் என்றால் ஜி12வி, ஆர்ஜினின் என்றால் ஜி12ஆர், சிஸ்டீன் என்றால் ஜி12சி. கணையத்தில் ஜி12டி-க்கு முதலிடம், சுமார் 40 சதவீதம். அடுத்தது ஜி12வி. ஜி12ஆர் மற்ற உறுப்புகளின் புற்றில் அபூர்வம், இங்கே மட்டும் கணிசமாக வருகிறது. ஜி12சி வெறும் 1 முதல் 2 சதவீதம்தான். இந்த வேறுபாடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அப்படியென்றால் கேராஸ் மாறிவிட்டாலே புற்றுநோய் வந்துவிடுமா?

வராது. ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்ட வண்டி என்று கேராஸை எல்லோரும் உவமை சொல்கிறார்கள். ஓரளவுக்குத்தான் சரி. ஆக்சிலரேட்டர் சிக்கினால் வண்டி பறக்கும். ஆனால் ஒரு சாதாரண செல்லில் கேராஸ் ஓயாமல் கத்தத் தொடங்கினால், அந்த செல் பல நேரங்களில் சந்தேகப்பட்டு, பிரிவதையே நிறுத்திவிடும். முதுமை நிலைக்குப் போய் அப்படியே முடங்கிவிடும். உடம்பின் நல்ல தற்காப்புகளில் இதுவும் ஒன்று.

அதனால் கேராஸ் மாற்றத்தால் முதலில் உருவாவது புற்று இல்லை, பேனின் எனப்படும் மிகச் சிறிய முன்புற்றுத் திட்டுகள். நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். நாளத்தின் உட்சுவர் செல்கள் கொஞ்சம் உயரமாகி, வரிசை கலைந்திருக்கும். வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் கணையத்தைப் பரிசோதித்தால் இந்தத் திட்டுகள் பரவலாகக் காணப்படுகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையப் புற்றுநோய் வந்ததே இல்லை.

எலிகளிலும் இதே கதைதான். கணைய செல்களில் கேராஸ் ஜி12டி-யை மட்டும் இயக்கிவிட்டால் பேனின் திட்டுகள் வருகின்றன, முழுப் புற்று வர நெடுநாள் பிடிக்கிறது, பல எலிகளுக்கு வருவதே இல்லை. கூடவே பி53 என்ற, செல் பிரிவைத் தடுக்கும் மரபணுவையும் கெடுத்தால் சில மாதங்களில் கட்டி வளர்ந்து ஈரல்வரை பரவிவிடுகிறது. 2005இல் உருவாக்கப்பட்ட இந்த எலி வகைதான் இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படுகிறது.

இன்னொரு விஷயம், கணைய அழற்சி. செரிமான நொதி சுரக்கும் அசினார் செல்கள், அழற்சியின்போது தற்காலிகமாக நாளச் செல் போல உருமாறித் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும், அழற்சி அடங்கியதும் பழைய உருவத்துக்குத் திரும்பும். கேராஸ் மாறிய செல்லுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. அது அப்படியே பேனின் பக்கம் நகர்கிறது. நெடுநாள் கணைய அழற்சியும் புகைபிடித்தலும் ஆபத்துக் காரணிகளாக இருப்பதற்குப் பின்னால் இந்த வழியும் ஒன்று.

அப்புறம் எந்த மரபணுக்கள் கெடுகின்றன?

மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, மூன்றும் தடுக்கும் வகை.

சிடிகேஎன்2ஏ-வில் உருவாகும் பி16 என்ற புரதம், செல் பிரிவுச் சுழற்சியின் வாசலில் நின்று பிரிவைத் தூண்டும் சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு புரதங்களையும் பிடித்துவைக்கிறது. சுமார் 90 சதவீதக் கட்டிகளில் இது இழக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன முதுமை நிலைத் தற்காப்பு உடைவது பெரும்பாலும் இங்கேதான். பி53 டிஎன்ஏ சேதத்தைக் கவனித்துச் செல்லை நிறுத்தும், திருத்த முடியாது என்றால் சாகச் சொல்லும். கட்டிகளில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் இது கெட்டிருக்கிறது. மூன்றாவது எஸ்மேட்4, பாதிக்குக் கொஞ்சம் மேல். 1996இல் 18ஆவது குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டபோது இதற்கு வைத்த பெயரின் பொருளே 'கணையப் புற்றில் நீக்கப்பட்டது' என்பதுதான்.

பொதுவாக வரிசை கேராஸ், பிறகு பி16, பிறகு பி53-யும் எஸ்மேட்4-உம். பேனின் திட்டுகளை முதல்நிலையிலிருந்து உயர்நிலைவரை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த ஏறுமுகம் தெரிகிறது. இந்த நான்கைத் தாண்டினால் பட்டியல் ஒரேயடியாகச் சிதறிவிடுகிறது. 2008இல் 24 கட்டிகளை ஆராய்ந்தபோது ஒரு கட்டிக்குச் சராசரியாக 63 மரபணு மாற்றங்கள் கிடைத்தன. ஆளுக்கு ஆள் வேறு வேறு, ஆனால் அவை எல்லாம் ஏறக்குறைய ஒரு டஜன் சமிக்ஞைப் பாதைகளுக்குள் அடங்கின.

முதல் மாற்றத்திலிருந்து புற்று பரவுவதுவரை எவ்வளவு காலம்?

2010இல் ஓர் ஆய்வு, இந்நோயால் இறந்த ஏழு பேரின் கட்டிகளில் இருந்த மாற்றங்களை எண்ணி, பின்னோக்கிக் கணக்குப் போட்டது. முதல் மாற்றத்திலிருந்து முழுப் புற்றின் தாய்ச்செல் பிறக்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேல். அதிலிருந்து பரவும் திறன் வர இன்னும் ஏறக்குறைய 7 ஆண்டுகள். அதற்குப் பிறகு சராசரியாக இரண்டு, மூன்று ஆண்டுகளில் மரணம். 'போன வருடம்வரை நன்றாக இருந்தாரே' என்று குடும்பத்தினர் சொல்வது உண்மைதான், நோயும் பதினைந்து, பதினேழு ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்ததும் உண்மைதான்.

சரி, எல்லாருக்கும் இப்படி நிதானமாகத்தான் நடக்கிறதா? அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2016இல் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்த இன்னொரு குழு, மூன்றில் இரண்டு பங்கு கட்டிகளில் குரோமோசோம்கள் ஒரே அடியில் தூள்தூளாகி, தப்பும் தவறுமாக மறுபடி ஒட்டப்பட்ட தடயங்களைக் கண்டது. அப்படி நடந்தால் பி16, பி53, எஸ்மேட்4 போன்றவை படிப்படியாக இல்லாமல் ஒரே செல் பிரிவில் ஒன்றாகக் காணாமல் போகலாம். என் கணிப்பு, இரண்டும் நடக்கின்றன என்பதே: நீண்ட அமைதி, அதன் முடிவில் சிலருக்குப் படிகள், சிலருக்குச் சறுக்கல்.

பரவுவதற்கென்று தனி மரபணு உண்டா?

தேடினார்கள், பரவிய கட்டியில் மட்டும் தவறாமல் மாறியிருக்கும் மரபணு என்று ஒன்று சிக்கவில்லை. அருகில் வருவது எஸ்மேட்4. டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப் புரதம் ஆரம்பத்தில் செல்களிடம் 'பிரியாதே' என்கிறது. அந்தச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோவது எஸ்மேட்4. தூதர் இல்லாமல் போனால் 'பிரியாதே' என்ற பகுதி மட்டும் சேராமல் போகிறது. அதே டிஜிஎஃப்-பீட்டா வேறு வழிகளில் செல்லை நகரவும் ஊடுருவவும் தூண்டுவது தொடர்கிறது. 2009இல் 76 பேரின் பிரேதப் பரிசோதனைகளை ஒப்பிட்டபோது, புற்று உடல் முழுக்கப் பரவியவர்களிடம் எஸ்மேட்4 இழப்பு அதிகமாகவும், இருந்த இடத்திலேயே பெருகி உயிரைப் பறித்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. போக்கு என்ற அளவில் சரி. தனி ஒருவரின் அறிக்கையில் எஸ்மேட்4 இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது.

கட்டி வளர்ந்து முடிந்த பிறகு கேராஸுக்கு வேலை உண்டா?

உண்டு, கடைசிவரை. எலிகளில் கேராஸை விருப்பம்போல் இயக்கவும் அணைக்கவும் செய்து 2012இல் பார்த்தார்கள். அணைத்ததும் வளர்ந்த கட்டிகளே சுருங்கின. கேராஸ் வெறுமனே 'பிரி' என்று சொல்வதோடு நிற்பதில்லை, செல்லின் சமையலறையையே கைப்பற்றிவிடுகிறது. குளுக்கோஸை அதிகமாக இழுத்துக்கொள்ள வைக்கிறது, குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை வழக்கத்துக்கு மாறான பாதையில் திருப்புகிறது, செல்லைச் சுற்றியுள்ள திரவத்தை மடக்மடக்கென்று விழுங்கி அதிலுள்ள புரதங்களைச் செரிக்க வைக்கிறது. இதோடு தன் பழைய பாகங்களைத் தானே மறுசுழற்சி செய்யும் ஆட்டோஃபேஜியும் சேர்ந்துகொள்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த, நெருக்கமான இடத்தில் இந்தப் புற்று பிழைத்துக் கிடப்பது இப்படித்தான்.

ஒரு கெட்ட செய்தியும் அந்த எலிகளிடமிருந்தே வந்தது. சில கட்டிகள் கேராஸ் இல்லாமலேயே திரும்ப வளர்ந்தன. யாப்1 என்ற இன்னொரு வளர்ச்சி மரபணு பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் சர்க்கரையைச் சாப்பிடாமல் விட்டால் புற்று பட்டினி கிடக்குமா?

கிடக்காது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ஈரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் புற்று மேலே சொன்னபடி வேறு உணவும் தேடிக்கொள்ளும். பட்டினி கிடப்பது நோயாளிதான். எடை இழப்பு ஏற்கெனவே இந்நோயின் பெரிய பிரச்சினை, அதைக் கூட்ட வேண்டாம்.

கட்டியில் பெரும்பகுதி புற்று செல்லே இல்லை என்கிறார்களே?

ஆமாம். பல கட்டிகளில் புற்று செல்கள் சிறுபான்மைதான். மீதி நார்த்திசு, அழற்சி செல்கள், ரத்த நாளங்கள். ஸ்ட்ரோமா என்று பெயர். இதைக் கட்டி எழுப்பச் சொல்வதும் பெரும்பாலும் புற்று செல்தான்: கேராஸின் தூண்டுதலில் அது வெளியே அனுப்பும் செய்திகளில் ஒன்று ஹெட்ஜ்ஹாக். அது பக்கத்திலுள்ள நார்ச்செல்களை எழுப்பிவிடுகிறது.

இந்தச் சுவர் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது, உடைத்தால் போதும் என்று 2009இல் எலி ஆய்வொன்று நம்பிக்கை தந்தது. ஹெட்ஜ்ஹாக்கைத் தடுக்கும் மருந்தை மனிதர்களுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2012இல் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, மருந்து பெற்றவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து எலிகளிலேயே காரணம் தெரிந்தது: அந்தச் சுவரின் ஒரு பகுதி புற்றை அடக்கியும் வைத்திருந்தது.

கேராஸுக்கு மேலே இருக்கும் ஈஜிஎஃப்ஆரைத் தடுத்தால் என்ன?

ஈஜிஎஃப்ஆர் என்பது வெளியிலிருந்து வரும் 'வளர்' செய்தியைச் செல்லின் மேற்பரப்பில் வாங்கிக்கொள்ளும் புரதம். அதைத் தடுத்தும் பார்த்தாயிற்று. அதற்கான எர்லோடினிப் மாத்திரையை ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தோடு கொடுத்த ஆய்வில் சராசரி ஆயுள் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாக உயர்ந்தது. புள்ளியியல்படி வெற்றி. நாள் கணக்கில் பத்து. கீழே சுவிட்ச் தானாகவே எரிந்துகொண்டிருக்கும்போது மேலே அழைப்பு மணியைக் கழற்றுவதால் பெரிய பயன் இருக்காது.

கேராஸைத் தடுக்க இத்தனை ஆண்டுகள் ஏன் மருந்து வரவில்லை?

மருந்து மூலக்கூறு ஒரு புரதத்தில் போய் உட்கார ஒரு குழி வேண்டும். கேராஸ் வழுவழுப்பான உருண்டை. இருக்கும் ஒரே நல்ல குழியில் அந்தப் பாஸ்பேட் மூலக்கூறு மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. செல்லுக்குள் அது ஏராளமாக வேறு இருக்கிறது, போட்டியிட்டு வெல்ல முடியாது.

சரி, கேராஸைச் சவ்வில் ஒட்டவிடாமல் செய்வோம் என்று சுற்று வழியில் போனார்கள். ஒட்டுவதற்கு அதன் வாலில் ஒரு கொழுப்புச் சங்கிலி சேர வேண்டும், அதைச் சேர்க்கும் நொதியைத் தடுக்க டிபிஃபார்னிப் வந்தது. 2004இல் வெளியான, 688 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில் ஒரு பயனும் இல்லை. காரணம், ஒரு நொதி அடைபட்டதும் கேராஸ் வேறொரு நொதியின் மூலம் வேறொரு கொழுப்பை மாட்டிக்கொண்டு சவ்வுக்குப் போய்விடுகிறது. அடுத்து, கேராஸுக்குக் கீழே இருக்கும் மெக் என்ற புரதத்தைத் தடுத்தார்கள். செல் பக்கவழிகளைத் திறந்துகொண்டது.

2013இல் கதவு திறந்தது. ஜி12சி வகையில் மட்டும் இருக்கும் சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணையும் மூலக்கூறை கெவன் ஷோகாட்டின் குழு காட்டியது. கூடவே, 'ஆஃப்' நிலையில் மட்டும் திறக்கும் ஒரு மறைகுழியும் கிடைத்தது. அந்த வழியில் வந்த சோடோராசிப் 2021இல் நுரையீரல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்கெனவே பல சிகிச்சைகள் எடுத்த 38 கணையப் புற்று நோயாளிகளிடம் பார்த்தபோது 21 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் நினைவிருக்கிறதா, கணையத்தில் ஜி12சி 1 முதல் 2 சதவீதம்தான்.

அதனால் கண்கள் இப்போது ஜி12டி-யைக் குறிவைக்கும் மருந்துகள் மீதும், கேராஸ் சேர்ந்த ராஸ் புரதக் குடும்பத்தில் எந்த வகை ஆனாலும் 'ஆன்' நிலையிலேயே பிடிக்கும் டராக்சன்ராசிப் போன்றவை மீதும் இருக்கின்றன. இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட வாக்குறுதிகளில் இதை மட்டும் நான் கொஞ்சம் நம்பிக்கையோடு பார்க்கிறேன். புற்று செல்கள் இந்த மருந்துகளையும் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளாமல் போகாது. கேராஸே பல பிரதிகளாகப் பெருகுவது, மிக் என்ற இன்னொரு வளர்ச்சி மரபணு பெருகுவது என்று வழிகள் உண்டு. அதனால் இவற்றைத் தனியாகக் கொடுப்பதா, கீமோவோடு கொடுப்பதா, எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பதே அடுத்த கேள்வி.

அப்பாவின் அறிக்கையில் கேராஸ் ஜி12டி என்று இருக்கிறது. எங்களுக்கும் வருமா?

அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அவர் வாழ்நாளில், கணையத்தின் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்ட மாற்றம். பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை.

பரம்பரையாக வருபவை வேறு: பிஆர்சிஏ2, பிஆர்சிஏ1, பால்பி2, ஏடிஎம், பரம்பரை வடிவிலான சிடிகேஎன்2ஏ, எஸ்டிகே11 போன்றவை. கணையப் புற்று நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேரிடம் இத்தகைய பிறவி மாற்றம் இருக்கிறது. இதைப் பார்க்கக் கட்டித் திசு போதாது, ரத்தம் அல்லது உமிழ்நீர் மாதிரியில் தனிப் பரிசோதனை செய்ய வேண்டும். குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்று இல்லாவிட்டாலும் செய்யச் சொல்வது இப்போதைய வழிகாட்டுதல். நோயாளிக்கே அதில் பயன் உண்டு: பிஆர்சிஏ மாற்றம் இருந்தால் பிளாட்டினம் வகைக் கீமோ நன்றாக வேலை செய்கிறது, அதன்பின் ஓலாபரிப் மாத்திரை நோய் முன்னேறாத காலத்தை 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமாக நீட்டித்தது. மொத்த ஆயுளை அது கூட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேராஸ் மாறவில்லை என்று வந்தால்?

பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அப்படி வரும். வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், இன்னும் விரிவான பரிசோதனை கேளுங்கள். இவர்களிடம்தான் பிராஃப் மாற்றம், என்டிஆர்கே அல்லது என்ஆர்ஜி1 இணைவு (ஒரு மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது) போன்ற, மருந்து உள்ள மாற்றங்கள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். என்ஆர்ஜி1 இணைவுள்ள கணையப் புற்றுக்கு ஜெனோகுடுசுமாப் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இணைவுகள் டிஎன்ஏ பரிசோதனையில் தப்பிவிடலாம், ஆர்என்ஏ பரிசோதனை இவற்றை நன்றாகப் பிடிக்கும்.

ரத்தத்தில் கேராஸைத் தேடி முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

ஆரம்பக் கட்டத்தில் கட்டி ரத்தத்தில் கசியவிடும் டிஎன்ஏ மிகக் குறைவு, பலருக்கு அகப்படுவதே இல்லை. அகப்பட்டாலும், புற்றே ஆகாத பேனின் திட்டுகளிலும் கேராஸ் மாற்றம் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் மூலம் ஆண்டுதோறும் கண்காணிப்பதுதான் இப்போதைக்கு நடைமுறை.

நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. அது இன்சுலின் போன்ற ஹார்மோன் சுரக்கும் செல்களின் கட்டி. அங்கே கேராஸ் பொதுவாக மாறுவதில்லை. எம்இஎன்1, டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் என்று வேறு மரபணுக்கள், வேறு சிகிச்சை, பெரும்பாலும் மெதுவான போக்கு.

'மாதிரி போதவில்லை' என்று மரபணு அறிக்கை திரும்பி வந்துவிட்டது. யார் தவறு?

பெரும்பாலும் யார் தவறும் இல்லை. மெல்லிய ஊசியில் எடுத்த துணுக்கில் நார்த்திசுவே நிறைந்து, புற்று செல்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்கு இருந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஸ்ட்ரோமா பற்றிச் சொன்னேனே, அதன் இன்னொரு தொல்லை இது. மறுபடி பயாப்ஸி எடுக்கலாம், நோய் பரவியிருந்தால் ரத்தத்திலுள்ள கட்டி டிஎன்ஏவைப் பார்க்கலாம். அறிக்கையில் 'மாற்றம் இல்லை' என்று இருக்கிறதா, 'சோதிக்க முடியவில்லை' என்று இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றில்லை.